அட்டை தங்கிய கடை

காணாமல் போனவர் இருந்த இடத்தில் ஒரு சிவப்புத் துணி மட்டும் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

காணாமல் போனவர் கல்லால் ஆனவர். முழங்கால் உயரம், மொட்டைத் தலை, தூக்கம் கலையாத முகம். மினாமிஹாமா கடைத்தெருவின் முனையில், குனிந்து பார்த்தால் மட்டுமே முகம் காட்டுகிற ஒரு மரக்கூட்டுக்குள், தெருப் பிள்ளைகளுக்குக் காவலாக மூன்று தலைமுறையாக நின்றிருந்த ஜிஸோ சாமி. சனிக்கிழமை அவருக்குத் திருவிழா. இன்று வியாழன். கூடு காலி.

"ஒசாகா ஆகஸ்ட் வெயிலுக்குக் கல்லுக்கே கால் முளைச்சிருக்கும் பாஸ்," என்றான் கமேடா. "எங்கயாவது மலைப்பக்கமா ஓடியிருப்பார்."

ஷிராதோரி அவன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூட்டுக்குள் தலையை விட்டு, அந்தச் சிவப்புத் துணியை எடுத்துப் பார்த்தாள். சாமியின் கழுத்தில் குழந்தைக்குக் கட்டுவதுபோலக் கட்டியிருந்த மார்த்துணி அது. அவள் அடகுக்கடைக்காரரின் மகள். மோதிரத்தைக் கையில் வாங்கியதுமே அது விரலில் கிடந்ததா, பெட்டியில் கிடந்ததா, அழுதுகொண்டே கழற்றியதா என்று சொல்லிவிடுகிற குடும்பம். ஐம்பது வயதில் அவள் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது உதவியாளாகச் சேர்ந்தவன் கமேடா. அதற்கு முன் பெரிய கடைகளின் அடித்தளத்தில் காய் சீவுகிற கத்தி விற்றுக்கொண்டிருந்தான். கத்தியை விட்டுவிட்டான். வாயை விடவில்லை.

"திருடன் துணியை மடிச்சு வெச்சிட்டுப் போவானா?" என்றாள் ஷிராதோரி.

"நல்லா வளர்ந்த திருடன் போல."

பக்கத்தில் நின்றிருந்த தெராதானி விசிறியைப் படபடவென்று அடித்துக்கொண்டார். அவர்தான் கடைத்தெருச் சங்கத்தின் தலைவர். தெருவில் முத்திரைக் கடை வைத்திருப்பவர். இந்தத் தெருவில் கல்யாணமோ கடனோ, கையெழுத்துக்குப் பதிலாகக் காகிதத்தில் சிவப்பாக விழுகிற பெயரெல்லாம் அவர் கடையில் செதுக்கியதுதான்.

"துப்பறியும் அம்மா, சுத்தி வளைக்க வேண்டாம்," என்றார். "கூட்டுச் சாவி இந்த வருஷம் கொரோக்கே கடை சுமியே கையில. பூட்டு உடையல. அப்ப எடுத்தது யாரு? நாளைக்குக் காலையில கூட்டம் போட்டிருக்கேன். நீங்க எழுந்து பேரை மட்டும் சொல்லுங்க. சாமியைத் திருடினவளுக்கு இந்தத் தெருவுல எதுக்குக் கடை? ஒரு வாரத்துல காலி பண்ண வெச்சிருவோம்."

"சரி. சாமி?"

"ஆங்?"

"சாமி எங்கன்னு கண்டுபிடிக்க வேண்டாமா?"

"அதுவும்தான். அதுவும்தான்." விசிறி இன்னும் வேகமாக அடித்தது.

ஷிராதோரி கூட்டின் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய சுவரில் புத்தம்புதிதாக ஒரு பிளக் பாயின்ட். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"இது எதுக்கு?"

"சாமி விளக்குக்கு."

"சாமிக்கு ஏத்துறது மெழுகுவத்தி," என்றான் கமேடா. "ஒருவேளை செல்போனுக்கு சார்ஜ் போடக் கேட்டாரோ?"

தெராதானி அவனை ஒரு பார்வை பார்த்தார். ஷிராதோரி கையை நீட்டினாள்.

"தெருவுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் சுற்று அட்டை போகணுமே. கடைசியாப் போன அட்டையைக் காட்டுங்க தலைவரே."

சுற்று அட்டை என்பது கிளிப் வைத்த ஒரு பலகை. சங்கத்தின் அறிவிப்பை அதில் சொருகி முதல் வீட்டில் கொடுத்தால், அவர்கள் படித்துவிட்டுத் தங்கள் கட்டத்தில் முத்திரை குத்தி அடுத்த வீட்டுக்குத் தள்ள வேண்டும். படித்துவிட்டு என்பது ஏற்பாடு. தள்ள வேண்டும் என்பது நடைமுறை.

தெராதானிக்குக் கொடுக்க மனமில்லை. கொடுக்காமல் இருக்கக் காரணமும் கிடைக்கவில்லை. கடைக்குள் போய் எடுத்து வந்தார். கமேடாதான் வாங்கினான். மேல் தாளில் திருவிழா விளம்பரம், தர்பூசணிப் படம், குலுக்கல் நேரம். அடியில் இன்னொரு தாள். எறும்பு ஊர்ந்த மாதிரி நெருக்கமான எழுத்து. அதைப் பார்த்ததும் கமேடாவின் கண்கள் தானாக வழுக்கிக்கொண்டு கீழே முத்திரைக் கட்டங்களுக்குப் போய்விட்டன. வரிசையாகச் சிவப்பு வட்டங்கள். ஒரே ஒரு கட்டம் காலி.

"சுமியே," என்றார் தெராதானி. "திமிர். நாலு நாள் அட்டையைக் கடையிலேயே போட்டு வெச்சிட்டு, முத்திரையும் குத்தாமத் திருப்பி அனுப்பினா. மத்த வீட்டுல எல்லாம் குளிக்கிற தண்ணி சூடாகிறதுக்குள்ள அடுத்த வீட்டுக்குப் போயிடும்."

ஷிராதோரி அட்டையை வாங்கினாள். இரண்டாம் தாளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கீழிருந்து பார்த்த கமேடாவுக்கும் தெரிந்தது: ஒவ்வொரு வரிக்கும் அடியில் சின்னச் சின்ன எண்ணெய்ப் பொட்டு. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, தாளே கண்ணாடி மாதிரி ஆகிப்போய் வெளிச்சம் ஊடுருவியது.

"யாரோ எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட கையோட விளையாடியிருக்காங்க."

"விளையாடினா ஒரு இடத்துல கறை இருக்கும். இது வரி வரியா நடந்து போயிருக்கு," என்றாள் ஷிராதோரி. பிறகு, நகர்ந்துபோய் நிழலில் நின்று, அந்தத் தாளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். படித்து முடித்ததும் தெராதானியைப் பார்த்து மிக மரியாதையாகத் தலை வணங்கினாள்.

பாஸ் அப்படி வணங்கினால் எதிராளிக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். கமேடாவுக்குத் தெரியும்.

---

"எனக்குப் புரியல பாஸ். சாமி காணோம், நாம எதுக்கு அட்டை பின்னாடி அலையறோம்?"

"சாமி காணோம்னு வந்தவர் சாமியைக் கேக்கவே இல்ல கமேடா. பேரைத்தான் கேக்கறார். வா, அட்டை போன வழியிலேயே போவோம்."

தலைவர் கடையை அடுத்து அட்டை போன முதல் வீடு ஒகிதா ஐயாவுடையது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். 'தினமும் பத்துப் பக்கம்' என்று ஒரு வாசிப்பு இயக்கம் நடத்துகிறவர். அவர் வீட்டு வாசலிலேயே அதற்கான பதாகை தொங்கியது.

"இந்தக் காலத்துல யார் படிக்கிறா?" என்று நாற்காலி போடுவதற்கு முன்பே ஆரம்பித்தார். "படம் பாக்கறாங்க. தலைப்பைப் பாக்கறாங்க. ஆழ்ந்து படிக்கிற பழக்கமே அழிஞ்சுபோச்சு."

"ஆமாங்க ஐயா. போன சுற்று அட்டையில ரெண்டாவது தாள் இருந்துதே, அதுல என்ன இருந்தது?"

ஒகிதா ஐயா கண்ணை மூடித் திறந்தார். "மிக முக்கியமான விஷயம்."

"என்ன விஷயம்?"

"பொதுநலன் சம்பந்தப்பட்டது."

"யாரோட நலன் ஐயா?" என்றான் கமேடா.

"பொதுமக்களோடது," என்றார் அவர், மாணவனை மன்னிக்கிற குரலில்.

மருந்துக்கடை நிஷிவாகிக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தாள் குப்பையைத் தரம் பிரிப்பது பற்றியது. "பிளாஸ்டிக் மூடியைத் தனியாப் போடணுமாம்." கிமோனோக் கடை மினேகோ அடித்துச் சொன்னாள், அது நிலநடுக்கப் பயிற்சி. அவள் வீட்டுக்காரர் உள்ளேயிருந்தே, இல்லை, எலி மருந்து என்று குரல் கொடுத்தார். இருவருக்கும் அங்கேயே ஒரு சின்னச் சண்டை வந்தது.

"ஒரே தாள்," என்றான் கமேடா வெளியே வந்ததும். "குப்பை, நிலநடுக்கம், எலி, பொதுமக்கள். இவ்வளவு விஷயத்தை ஒரு பக்கத்துல எழுதினவன் பெரிய ஆளு."

"நீ என்ன படிச்சே?"

"நானா?"

"அட்டை உன் கையிலதான மொதல்ல இருந்தது."

கமேடா உடனே தெருவில் பறக்கிற காகிதக் கொடிகளைப் பற்றி ஏதோ சொன்னான்.

---

கொரோக்கே கடையில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் மழை மாதிரிக் கேட்டது. உருளைக்கிழங்கை மசித்து, ரொட்டித்தூளில் புரட்டி, பொன்னிறமாகப் பொரித்தெடுத்து, காகிதப் பையில் போட்டுக் கொடுக்கிற சின்னக் கடை. சுமியேவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. கைகள் மட்டும் முப்பது வயதுக்காரி மாதிரி ஓடின.

"என்னடா தம்பி, பாத்துட்டே நின்னா வயிறு நிறையுமா?"

"ஒண்ணு போடுங்க அக்கா. கொஞ்சம் பெருசாப் பாத்து."

"எல்லாம் ஒரே அளவுதான். உன் கண்ணுதான் பெருசு."

அந்தக் கடையை ஒசாகாவில் பாதிப் பேருக்குத் தெரியும். கொரோக்கேயால் அல்ல, 'இன்று விடுமுறை' என்று எழுதிய ஒரு மரப்பலகைப் பட்டியால். அவள் கணவர் தூரிகையால் எழுதியது. அவர் போன பிறகு ஒன்பது வருஷமாக அந்தப் பட்டி கடைச் சுவரில் தொங்கிக்கொண்டே இருந்தது. கீழே வியாபாரம் அமோகமாக நடந்துகொண்டே இருந்தது. இந்தக் குறும்பைப் படம்பிடிக்கவே ஆட்கள் ரயில் ஏறி வந்தார்கள். இப்படி ஒரு யோசனை தங்களுக்கு வரவில்லையே என்று மற்றக் கடைக்காரர்கள் வயிறெரிந்தார்கள்.

இப்போது பட்டி சுவரில் இல்லை. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சமையல்காரப் பொம்மை நின்றது. தலையில் வெள்ளைத் தொப்பி, கண்வரை இழுத்துவிட்டிருந்தது. உடம்பு முழுக்க ஏப்ரன். பட்டி அதன் கழுத்தில் தொங்கியது. வாங்க வந்த ஒரு பெண் போகிற போக்கில் அதன் தலையைத் தட்டிவிட்டுப் போனாள். கமேடா கொரோக்கேயைத் தின்று முடித்து, எண்ணெய்ப் பையைச் சுருட்டி, வேறு இடம் தெரியாமல் பொம்மையின் தொப்பிமேல் வைத்தான்.

"எடுடா அதை!" சுமியேவின் கரண்டி அவன் மணிக்கட்டில் பட்டது. "அது என்ன குப்பைக் கூடையா?"

"புது ஆளா அக்கா? சம்பளம் எவ்வளவு?"

"வாயாடாத ஆளு. அதனால உன்னைவிட அதிகம்."

ஷிராதோரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புகை படிந்த மஞ்சள் சுவரில், பட்டி இருந்த இடம் மட்டும் வெளுத்து, நீள்சதுரமாகத் தெரிந்தது.

"சுமியே அக்கா, இந்தத் தாளைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?" என்று இரண்டாம் தாளை நீட்டினாள்.

கரண்டி ஒரு கணம் நின்றது. "கண்ணாடியெல்லாம் எண்ணெய்ப் புகை. அடுப்பு முன்னாடி நின்னுட்டு யார் படிப்பா? அப்புறம் வாங்க."

"சரி. இன்னைக்குக் கடை எப்ப மூடறீங்க?"

"வெளிச்சம் குறைஞ்சதும். வியாழக்கிழமை சீக்கிரம் மூடிருவேன். ஒரு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"வயசான பொம்பளைக்கு ஆயிரம் வேலை. உங்களுக்கு என்ன?"

---

வெளிச்சம் குறைந்ததும் சுமியே ஷட்டரை இறக்கினாள். கையில் கனமான ஒரு துணி மூட்டை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நேர்வழியை விட்டு, குளியல் கூடத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நுழைந்தாள்.

"மாட்டினா பாஸ்! மூட்டையோட கனத்தைப் பாருங்க. சாமி உள்ளதான் இருக்கார். தலைகூடத் தெரியுது."

"வாயை மூடிட்டு நட."

வார்டு சமூகக் கூடத்தின் மாடிப்படியில் அவள் ஏறினாள். இவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினார்கள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், உள்ளே பள்ளிக்கூட மேசைகள். தாடி நரைத்த ஒரு கப்பல்காரர். பிரேசிலிலிருந்து வந்த ஒரு பெண், மடியில் குழந்தையோடு. முதுகு கூனிய ஒரு கொரிய முதியவர். நடுவில் மகள் வயதில் ஒரு ஆசிரியை. சுமியே மூட்டையை அவிழ்த்தாள். சாமி வரவில்லை. எல்லாருக்கும் சுடச்சுடக் கொரோக்கேயும் ஒரு தடித்த அகராதியும் வந்தன.

பிறகு அவள் எழுந்து நின்று படித்தாள். குழந்தைகளுக்கான பாடம்தான். நாய்க்குட்டி ஒன்று மழையில் வீடு தேடுகிற கதை. எண்ணெய் ஊறிய சுட்டு விரல் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் போய் நின்றது. உதடு அசைந்தது. பிறகுதான் சத்தம் வந்தது. விரல் போன வழியெல்லாம் தாளில் பளபளவென்று ஒரு தடம்.

கமேடாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒன்றும் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படி ஆனது அதுவே முதல் தடவை.

வகுப்பு விட்டு இறங்கி வந்த சுமியே, படியடியில் இருவரையும் பார்த்ததும் அப்படியே நின்றாள். முகத்தில் இருந்த அதட்டலெல்லாம் வடிந்துபோயிற்று.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றாள். "எங்கப்பா கூலி வேலைக்கு ஊர் ஊராப் போவார். வாடகை கேட்டா அங்கிருந்து ஓடுவோம். எந்த ஊர்லயும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டினதில்ல. கட்டின புருஷனுக்கு மட்டும் தெரியும். அவர் போனதுக்கப்புறம் புகை, கண்ணாடி, பொடி எழுத்து, தொண்டை வலின்னு சொல்லியே காலத்தை ஓட்டிட்டேன். ரெண்டு வருஷமாத்தான் இங்க வரேன்."

"அந்தப் பட்டி?" என்றான் கமேடா மெதுவாக.

"அவர் எழுதினதுன்னு மாட்டினேன். 'நல்வரவு'ன்னு இருக்கும்னு நெனச்சேன். போன வருஷம் ஒரு நாள் கல்லாவுல உக்காந்து அண்ணாந்து பாக்கறேன், எழுத்தெல்லாம் தானா வாய்க்குள்ள வருது. இன்று விடுமுறை! வெட்கத்துல ஓடிப்போய்க் கழட்டப் பாத்தேன். அப்புறம் யோசிச்சேன். பாதிக் கூட்டம் அதுக்காகத்தான் வருது. எந்த வியாபாரியாவது கழட்டுவானா?"

ஷிராதோரி சிரித்துவிட்டாள். "அட்டையை நாலு நாள் வெச்சிருந்தது படிக்கத்தான்."

"வீட்டுல உக்காந்து படிச்சேன். தெரியாத எழுத்தை உள்ளங்கையில எழுதிட்டு வந்து டீச்சர்கிட்ட ஒண்ணொண்ணா கேட்டேன். தாளைக் காட்டல, வெட்கம். கல்லு, இயந்திரம், நிறுவறது, மூணும் ஒரே வரியில இருந்துது. சாமியை உடைச்சு அஸ்திவாரம் போடப் போறாங்கன்னு புரிஞ்சுது. எல்லாரும் முத்திரை குத்தியிருக்காங்களே, எல்லாரும் சம்மதிச்சிருக்காங்களே! நான் யார்கிட்ட போய்க் கேக்கறது? கேட்டா, உனக்கு எப்படித் தெரியும்பாங்க. அதான் உருளைக்கிழங்கு வண்டியைத் தள்ளிட்டுப் போய்..."

"பாதி தப்பாப் படிச்சிருக்கீங்க அக்கா. உடைக்கப் போறதா அதுல இல்ல."

"மீதி?"

"மீதியை இந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தான் படிச்சிருக்கீங்க. நாளைக்குக் கூட்டத்துல நான் பேரைச் சொல்லித்தான் ஆகணும். ஏன் எடுத்தீங்கன்னு சொன்னா கடை தப்பிக்கும். ஆனா எப்படித் தெரிஞ்சுதுன்னும் சொல்ல வேண்டியிருக்கும்."

சுமியே துணி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "திருடின்னு சொல்லிக்கோங்கம்மா. கடை போனாப் போகட்டும். படிக்கத் தெரியாதவன்னு மட்டும் அந்த ஜனங்க முன்னாடி சொல்லிடாதீங்க."

---

காலையில் கடைகள் திறக்கும் முன்பே சங்க அறை நிரம்பிவிட்டது. பார்லி டீ சுற்றி வந்தது. சுமியே கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்திருந்தாள். யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

தெராதானி கனைத்தார். "நம்ம எல்லார் மனசும் புண்பட்டிருக்கு. துப்பறியும் அம்மா இப்ப அந்தப் பேரைச் சொல்லுவாங்க."

"சொல்றேன்," என்றாள் ஷிராதோரி. "அதுக்கு முன்னாடி ஒரு சின்ன உதவி. நீங்க எல்லாரும் முத்திரை குத்தின இந்த ரெண்டாவது தாளை, யாராவது சத்தமாப் படிச்சுக் காட்டுங்க. ஒகிதா ஐயா?"

ஒகிதா ஐயா பாதி எழுந்தார். தாளைப் பார்த்தார். மீண்டும் உட்கார்ந்தார். "கண்ணாடியை வீட்டுலேயே வெச்சிட்டு வந்துட்டேன்."

கண்ணாடி அவர் நெற்றிமேல் இருந்தது.

"நிஷிவாகி அண்ணே?"

"எழுத்து ரொம்பப் பொடி," என்றார் மருந்துக்கடைக்காரர். மாத்திரை அட்டையில் உள்ளதை நாள் முழுக்கப் படித்துச் சொல்கிற மனிதர்.

மினேகோ தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "குரல் கட்டிக்கிச்சு." ஒரு நிமிஷத்துக்கு முன்புவரை அவள் வீட்டுக்காரரை அவள் திட்டியது வாசல்வரை கேட்டிருந்தது.

"தலைவரே, நீங்க?"

"தலைவரே படிச்சா பாரபட்சம்னு சொல்லுவாங்க."

கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு. சுமியே எழுந்துவிட்டாள்.

"அடப்பாவிகளா! கண்ணாடி என்னுது. பொடி எழுத்து என்னுது. தொண்டை வலியும் என்னுது. வருஷக்கணக்கா நான் சொல்லிட்டு வந்த சாக்கு ஒண்ணொண்ணையும் திருடிட்டு, என்னையா திருடிங்கறீங்க?"

அவள் முன்னால் வந்தாள். ஷிராதோரியின் கையிலிருந்த தாளை வாங்கினாள். விரலை முதல் எழுத்துக்கு அடியில் வைத்தாள். விரல் நகர்ந்தது.

"மேற்... படி இடத்தின் செயற்... பாட்டு மேம்பாட்டை முன்னிட்டு... அங்கு நிலைகொண்டுள்ள கற்சிலையானது... கால... காலவரை..." நின்றாள். "இது எனக்குத் தெரியல. ஒகிதா ஐயா, என்ன இது?"

"காலவரையறையின்றி. அதாவது... கொஞ்ச நாளைக்கு."

"இல்ல ஐயா," என்றாள் ஷிராதோரி. "எப்ப திரும்பி வரும்னே கிடையாதுன்னு அர்த்தம்."

சுமியே விட்ட இடத்திலிருந்து விரலைத் தொடர்ந்தாள். "காலவரையறையின்றி... வேறிடம் மாற்றப்பட்டு... அவ்விடத்தில் குளிர்பான விற்பனை இயந்திரமொன்று நிறுவப்படும். அதன் வருவாய்ப் பராமரிப்பானது தெராதானி முத்திரைக் கடையின்... பொறுப்பிலிருக்கும்."

"என்னது?" என்றாள் மினேகோ, பிரமாதமான குரலில்.

"ஏன் இவ்வளவு மெதுவாப் படிக்கிறா?" என்று நிஷிவாகி பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்.

சுமியே தலை நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது. ஆனால் குரல் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் வருகிற அதே குரல். "ரெண்டு வருஷமாத்தான் நான் படிக்கக் கத்துக்கறேன் நிஷிவாகி. அதுக்கு முன்னாடி ஒரு எழுத்தும் தெரியாது. நீ எத்தன வருஷமாப் படிக்கிறே?"

நிஷிவாகி டீயைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"அய்யய்யோ, இதுலயா நாம முத்திரை குத்தினோம்? அப்ப எல்லாம் முடிஞ்சு போச்சா?" என்றார் மினேகோவின் வீட்டுக்காரர்.

"கடைசி வரியைப் படிங்க அக்கா," என்றாள் ஷிராதோரி.

"இவ்வறிக்கையில்... அனைத்து இல்லங்களின் முத்திரையும் இடப்படுமாயின்... அதுவே அனைவரின் ஒப்புதலாகக் கொள்ளப்படும்."

"அனைத்து," என்றாள் ஷிராதோரி. தாளைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பு வட்டங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கட்டம். "படிச்சவங்க குத்தல. அதனால இது செல்லாது."

தெராதானி தாளைப் பிடுங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். "இந்த வரி எப்ப வந்துச்சு? இயந்திரக் கம்பெனிக்காரன் கொடுத்த மாதிரியை அப்படியேதான அச்சடிச்சேன்!"

"மொதல் முத்திரை உங்களோடதுதான் தலைவரே," என்றான் கமேடா. "நல்லா அழுத்தமா விழுந்திருக்கு. தொழில் சுத்தம்."

அப்போதுதான் ஒகிதா ஐயாவுக்கு ஞாபகம் வந்தது. "சாமி? சாமி எங்கே?"

"கடையிலதான் இருக்கார்," என்றாள் சுமியே. "தொப்பி போட்டுக்கிட்டு, ஏப்ரன் கட்டிக்கிட்டு, கல்லாப் பக்கத்துல. இத்தனை நாளா அவர் தலையைத் தட்டிட்டுத்தான எல்லாரும் கொரோக்கே வாங்கிட்டுப் போனீங்க?"

கமேடாவின் கை, எண்ணெய்ப் பையைத் தொப்பிமேல் வைத்த அந்தக் கை, தானாகவே முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"ஒன்பது வருஷமாச் சுவத்துல கிடந்த பட்டி ஏன் இறங்கிப் பொம்மை கழுத்துக்கு வரணும்னு யோசிச்சேன்," என்றாள் ஷிராதோரி. "அர்த்தம் தெரிஞ்ச ஆளுக்குத்தான் அதை அங்க மாட்டத் தோணும். தலைவரே, நீங்க கேட்ட பேரு சுமியே. ஆனா அவங்க ஒண்ணையும் மறைக்கல. சாமி தெருவுக்கு நடுவுல, எல்லார் கண்ணுக்கும் எதிர்ல, கழுத்துல அறிவிப்போட நின்னார். இன்று விடுமுறைன்னு. அதைக்கூடப் படிக்காதது யார் குத்தம்?"

---

அன்று மதியமே ஜிஸோ சாமி உருளைக்கிழங்கு வண்டியில் ஊர்வலமாக வீடு திரும்பினார். சிவப்பு மார்த்துணியைச் சுமியேவே கட்டினாள். பிளக் பாயின்டில் மினேகோ ஒரு மின்விசிறியைச் சொருகிச் சாமி பக்கம் திருப்பிவைத்தாள். இனிமேல் எதையும் படிக்காமல் முத்திரை குத்துவதில்லை என்று தெருவே உருக்கமாகச் சபதம் எடுத்தது. ஒகிதா ஐயா அதை ஒட்டி ஒரு சிற்றுரை ஆற்றினார்.

சாயங்காலம் புதிதாக ஒரு சுற்று அட்டை கிளம்பியது. சுமியேவின் கடையிலிருந்து. கமேடா ஏணியில் நின்று காகித விளக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது கீழிருந்து அவள் அதை நீட்டினாள்.

"தம்பி, நீயும் இதுல ஒண்ணு குத்துடா. திருவிழா அட்டை."

"அதுக்கென்ன அக்கா!" பையிலிருந்த முத்திரையை எடுத்து, ஊதி, ஒரு குத்து. அட்டை அடுத்த வீட்டுக்குப் போனது. குளிக்கிற தண்ணீர் சூடாவதற்குள் தெருவைச் சுற்றி முடித்து வந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாகத் தட்டப்பட்டன. அட்டையும் கையுமாகச் சுமியே வீடு வீடாகப் போய், அவரவர் முத்திரையை அவரவர் மூக்குக்கு நேரே பிடித்துக் காட்டினாள். கடைக்கு முன்னால் மலைபோல உருளைக்கிழங்கு குவிந்திருந்தது. பீர் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, நிஷிவாகி, மினேகோ, அவள் வீட்டுக்காரர், கோடியில் தெராதானி என்று எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சொந்தக் கத்தி இல்லாமல் வந்தவர்களுக்கெல்லாம் சுமியே மொட்டைக் கத்திகளை வினியோகித்தாள்.

கமேடா அட்டையை வாங்கிப் பார்த்தான். கோணல் மாணலாக, பெரிய பெரிய எழுத்தில், குழந்தைகூடப் படிக்கலாம்:

"நாளைத் திருவிழாவுக்கு நிறையக் கொரோக்கே வேண்டும். இதில் முத்திரை குத்துகிறவர்கள் விடிந்ததும் சொந்தக் கத்தியோடு வந்து கிழங்குத் தோல் சீவ வேண்டும். சுமியே."

ஒகிதா ஐயா மடிப்புக் கலையாத சட்டையும் விழா விசிறியுமாக வந்து நின்றார். "எனக்கு ராத்திரியே தெரியும். நான் முழுக்கப் படிச்சிட்டுத்தான் குத்தினேன்."

"ரொம்பச் சந்தோஷம் ஐயா," என்றாள் சுமியே. "கத்தி எங்க?"

ஒகிதா ஐயா விசிறியைக் கீழே வைத்துவிட்டு மொட்டைக் கத்தி ஒன்றை வாங்கிக்கொண்டார்.

கமேடா பழைய தொழில் பழக்கத்தில் தோலை ஒரே நாடாவாகச் சீவிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். சாமி கூட்டுக்குப் பக்கத்தில், மினேகோ வைத்த மின்விசிறிக் காற்றில், முதல் ஈடு கொரோக்கேயைத் தின்றபடி ஷிராதோரி உட்கார்ந்திருந்தாள்.

"பாஸ்! உங்ககிட்டயும்தான அட்டை வந்துது? நீங்க ஏன் சீவல?"

ஷிராதோரி மென்று, விழுங்கி, விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் படிச்சேன்," என்றாள்.